தரம் 3, 4 பெற்றோருக்கு: கணினிப் பாடம் பற்றி

அன்பார்ந்த பெற்றோருக்கு,

இந்தத் தவணையிலிருந்து தரம் 3, 4 பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாடவேளை கணினிக்கென ஒதுக்கியிருக்கிறோம். கூட்டம் முடிந்து வாசலில் நின்ற பலர் கேட்டது, "டெப் வாங்கிக் குடுக்க வேணுமா?" என்றுதான். வேண்டாம். கடன்பட்டு வாங்கவே வேண்டாம். இந்தத் தவணை முழுவதும் பிள்ளைகள் கணினியைத் தொடப்போவதில்லை.

பின் என்ன பாடம்? மண்டபத் தரையில் சோக்கால் கட்டங்கள் கீறுகிறோம். ஒரு பிள்ளைதான் இயந்திரம். 'ஒரு கட்டம் முன்னே', 'இடப்பக்கம் திரும்பு', 'வலப்பக்கம் திரும்பு' என்ற மூன்று கட்டளைகளால் மட்டும் மற்றவர்கள் அதைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டளை முழுவதையும் முதலில் தாளில் எழுதிவிட வேண்டும். இயந்திரம் சொந்தப் புத்தியைப் பாவிக்கக் கூடாது. எழுதியபடி போனால் சுவர்தான் என்றால் சுவரில் முட்டும். அதிகம் பிழைப்பது திரும்பும் இடத்தில். இயந்திரம் நம்மைப் பார்த்து நிற்கும்போது அதன் வலம் நமக்கு இடம் அல்லவா? பிழைத்த பிள்ளை எழுந்துபோய் அதே கட்டத்தில் தானே நின்று பார்க்கும். 1967இல் அமெரிக்காவில் சிறுவருக்கென உருவான லோகோ என்ற நிரல்மொழியும் (கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி) ஆமை உருவம் ஒன்றை நகர்த்தி இதையே பழக்கியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், ஆமையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்குக் கணிதம் உடம்பாலேயே விளங்கும் என்று நம்பினார். பிழையைத் தேடித் திருத்துவதுதான் இங்கே பாடம். ஆகவே தாளில் வெட்டும் கொத்துமாக இருந்தால் பிள்ளையை ஏசாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 31 புளியங்கொட்டைகளை 16, 8, 4, 2, 1 என ஐந்து குவியலாக வையுங்கள். ஒரு குவியலை முழுதாக எடுக்கலாம், அல்லது விடலாம், பிரிக்கக் கூடாது. உங்கள் பிறந்த திகதியைப் பிள்ளை காட்டட்டும். 19 என்றால் 16, 2, 1. மாதத்தின் எந்தத் திகதியும் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரே வழிதான். எடுத்தால் 1, விட்டால் 0: கணினி எண்களை வைத்திருப்பதும் இப்படித்தான். கணினி தெரியாத அம்மம்மாவும் விளையாடலாம்.

அடுத்த தவணையில் கணினி அறைக்குப் போவோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற இலவச மென்பொருளைப் பாவிப்போம். வண்ணக் கட்டைகளைப் பொருத்தினால் கட்டளை ஆகிவிடும்; இணையம் இல்லாமலும் ஓடும். இருவருக்கு ஒரு கணினி. மவுஸ் ஒருவரிடம் இருக்க, மற்றவர் வாயால் சொல்ல வேண்டும், பிறகு மாறுவார்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்துச் சிலர் கவலைப்பட்டீர்கள். தமிழ், கணிதப் பாடவேளை எதையும் எடுக்கவில்லை. இதனால் புள்ளி கூடும் என்றும் நான் சொல்லமாட்டேன். 'கோடிங்' வகுப்பு விளம்பரங்களுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. "சேர் போன்ல பார்க்கச் சொன்னவர்" என்று பிள்ளை வந்து நின்றால் நம்பாதீர்கள். சேர் சொல்லவில்லை.

ஓர் உதவி வேண்டும். படுவான்கரைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளின் அப்பாவோ அப்பப்பாவோ கூத்து ஆடியவராக இருந்தால், மத்தளத்தோடு ஒரு நாள் வாருங்கள். 'இதையே நாலு தரம் திரும்பச் செய்' என்ற கட்டளையைத் தாளக்கட்டுக்கு ஆடிக்காட்டியே விளக்க விரும்புகிறோம்.

பாடம் வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை. வந்து பார்க்கலாம். கதவடியில் நின்று பிள்ளைக்கு விடை மட்டும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

இங்ஙனம்,
அதிபர்