பாட்டு யாரிடமிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் சென்ற இதழில் அமெரிக்கானா இசையைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். அமெரிக்க இசை வகைகளான ப்ளூஸ், கன்ட்ரி, ப்ளூகிராஸ், காஸ்பல், பழைய பிடில் இசை ஆகியவை ஒன்றோடொன்று கலந்து வளர்ந்த இந்த வகையைத் தமிழில் அறிமுகப்படுத்துவோர் மிகச் சிலரே. ஆயினும், புதிய பாடகர்களைக் கண்டறியக் கைபேசிச் செயலி அடுத்தடுத்து எடுத்துத் தரும் பாடல்களே போதும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பதினோரு ஆண்டுகளாக வட கரோலினாவில் வசிக்கும் எனக்கு, இந்த இசையில் வாய்த்த நல்லவை எல்லாம் இசைத்தட்டின் உறைக்குள் இருந்த சிறு புத்தகங்களிலிருந்தும் விழாக்களின் ஓரத்து மேடைகளிலிருந்தும் வந்தவை. செயலி பாட்டைத் தருகிறது. அது யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்வதில்லை.

இதன் அருமையை உணர ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் கதை ஒன்றே போதும். 1928இல் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சில பாடல்களைப் பதிவு செய்த அவர், தட்டுகள் விற்காததால் ஊர் திரும்பி விவசாயக் கூலி வேலைகளில் காலத்தைக் கழித்தார். 1952இல் ஹாரி ஸ்மித் பழைய தட்டுகளிலிருந்து 84 பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, தாமே குறிப்பும் எழுதி, ஃபோக்வேஸ் நிறுவனத்தின் வழியே வெளியிட்ட தொகுப்பில் ஹர்ட்டின் இரண்டு பாடல்கள் இருந்தன. அவற்றைக் கேட்ட இளைஞர்கள் அவர் உயிரோடு இருப்பார் என்றே நினைக்கவில்லை. அவருடைய வேறொரு பழைய பாட்டில் அவலான் என்ற ஊர்ப் பெயர் வருவதைக் கவனித்த ஒருவர், 1963இல் மிசிசிப்பி மாநிலத்தின் அந்தச் சிற்றூருக்கே சென்று அவரைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு கோடையில், எழுபது வயதையொட்டிய அந்த மனிதர் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவின் மேடையில் அமர்ந்து பாடினார். ஒரு தட்டும் ஒரு விழாவும் சேர்ந்து முப்பத்தைந்து ஆண்டு மௌனத்தை முடித்துவைத்தன. 1966இல் அவர் மறைந்தபோது நாடே அவரை அறிந்திருந்தது.

இது பழங்கதை என்று சொல்வோருக்கு அண்மைக்கால நிகழ்வு ஒன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். 2005இல் எங்கள் மாநிலத்தின் பூன் நகரில் பான்ஜோ என்னும் தந்திக்கருவியை வாசிக்கும் கறுப்பினக் கலைஞர்களின் கூடல் ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட மூன்று இளைஞர்கள், மெபேன் ஊரில் வாழ்ந்த ஜோ தாம்சன் என்ற முதிய பிடில் கலைஞரின் வீட்டுக்கு வாரந்தோறும் சென்று, அவரோடு உட்கார்ந்து வாசித்தே பாடம் கேட்டார்கள். அவர்களே கரோலைனா சாக்லெட் டிராப்ஸ் குழுவினர். 2010இல் வெளியான அவர்களுடைய ஆல்பம் மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. அம்மூவருள் இருவரான ரியானன் கிடென்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் 2025இல், ‘கரும்பறவை காகத்திடம் என்ன சொன்னது’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு ஆல்பத்தை வெளியிட்டனர். அதை ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்யாமல், தாம்சனின் வீடு உள்ளிட்ட இடங்களில் திறந்தவெளியில் அமர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். பிடிலுக்கும் பான்ஜோவுக்கும் இடையே சில்வண்டுகளின் இரைச்சல் விடாமல் கேட்கிறது. ஆசான் 2012இல் மறைந்துவிட்டாலும் அவர் வாழ்ந்த இடத்தின் ஓசையையும் சேர்த்து வைத்திருக்கும் அந்த இசையை, குறிப்புகளைப் படிக்காமல் கேட்பவர் பதிவில் ஏதோ குறை என்றுதான் எண்ணுவார்.

பான்ஜோ வெள்ளையரின் கிராமியக் கருவி என்று கட்டுரையில் வந்த வரியும் திருத்தப்பட வேண்டும். அதன் மூதாதைகள் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. செனகல், காம்பியா பகுதியின் அகோன்டிங் போன்ற கருவிகளை அறிந்திருந்த மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டபோது அந்த அறிவும் அவர்களோடு வந்தது. கண்பார்வையற்ற கிதார் மேதை டாக் வாட்சன், மறைந்த மகனின் நினைவாக 1988இல் தொடங்கிய மெர்ல்ஃபெஸ்ட் விழாவுக்கு வில்க்ஸ்பரோ சென்றிருந்தபோது இதை நான் கண்ணாலேயே கண்டேன். பெரிய மேடையிலிருந்து விலகி, ஒரு கூடாரத்தின் ஓரத்தில் முதியவர் ஒருவர் சுரைக்குடுக்கையின் வாயில் தோல் போர்த்திய பான்ஜோவை வாசித்துக்கொண்டிருந்தார். நகத்தால் தந்திகளைக் கீழ்நோக்கி அடித்துவிட்டு, பக்கவாட்டில் இருக்கும் குட்டைத் தந்தியைக் கட்டைவிரலால் மீட்டினார். வீணையின் தாளத் தந்திகளைக் கேட்டு வளர்ந்த என் காதுக்கு அந்த ஒலி அந்நியமாகவே படவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு, அதை யாரிடம் கற்றார், அவர் யாரிடம் கற்றார் என்று சொல்லிவிட்டே தொடங்கினார். பாட்டு வந்த வழியாக அவர் குறிப்பிட்ட பெயர்களை எழுதிவைத்துக்கொண்டுதான் அடுத்த ஓராண்டுக்கு நான் தட்டுகளைத் தேடினேன்.

விழாக்களுக்குச் செல்லும் வாய்ப்பு இல்லாத தமிழ்நாட்டு வாசகர்கள், ப்ளூஸ் கலைஞர் தாஜ் மஹால், சித்திரவீணை ரவிகிரண், மோகன வீணை விஸ்வ மோகன் பட் ஆகிய மூவரும் சேர்ந்து வாசித்து 1995இல் வெளிவந்த ‘மும்தாஜ் மஹால்’ ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். தந்தியின் மேல் சறுக்கிச் செல்லும் நாதம் இரு மரபுகளுக்கும் பொதுவானது என்பதை அது ஒரே அமர்வில் கேட்க வைக்கிறது.

தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. இனி ஆல்பங்களை அறிமுகப்படுத்தும்போது, அதில் வாசித்தோர் யார், பாட்டு எந்த ஊரில் எவரிடமிருந்து பெறப்பட்டது என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதவில்லை என்றால் அட்டைப் படத்தின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
டர்ஹாம், வட கரோலினா.