மழை மேல் போட்ட பழி

அம்மாடி,

நீ அனுப்பின வீடியோவை நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். செவலையின் நெற்றிச்சுட்டி கன்றுக்கும் அப்படியே விழுந்திருக்கிறது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். என் கண் மட்டும் கன்றுக்குப் பின்னால் புல் குறைந்து தெரிந்த தரையிலேயே நின்றுவிட்டது. மூன்று வாரமாக நீ பேசாததற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. வேலை இருக்கும். சரி.

ஓடைப் பக்கம் வேலி போட்டாயா, மேட்டில் தண்ணீர்த் தொட்டி வைத்தாயா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஓடைக்குள் இறங்குகிற மாடு குடித்துவிட்டுத் திரும்பி வராது, வெயிலுக்கு அங்கேயே நிற்கும், சாணியும் மூத்திரமும் அங்கேயே போடும். அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசிக்குத் தீனி. அந்தப் பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மிதக்கும். நீலப்பச்சைப் பாசியில் சிலது விஷம், அந்தத் தண்ணீரைக் குடித்த மாடே செத்துவிடும். கீழே அதே ஓடையை நம்பி இருப்பவர்களுக்கு என்ன போகும் என்று உனக்கே தெரியும். கரையோரம் ஒரு பட்டை அகலத்துக்குப் புல்லையும் செடியையும் தொடாமல் விடு, மேட்டிலிருந்து வரும் மண்ணையும் சாணியையும் பெருமளவு அதுதான் பிடித்து நிறுத்தும். மாடு நக்குகிற உப்புக்கட்டியைத் தொட்டியிலிருந்து தள்ளி வை, இல்லாவிட்டால் மந்தை முழுக்க ஒரே இடத்தில் நின்று மிதிக்கும்.

எட்டு மாட்டில் ஆரம்பித்து 22 ஆக்கிவிட்டாய். நம் வீட்டில் யாருக்கும் அந்தத் துணிச்சல் இருந்ததில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த நிலம் 22 தாங்குமா என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

புல் 10 சென்டிமீட்டராவது மிச்சம் இருக்கும்போதே மாட்டை அடுத்த பகுதிக்கு ஓட்டிவிடு. இலையில் பாதிக்கு மேல் போய்விட்டால் வேர் வளர்வது நின்றுவிடும், வேர் போனால் மண்ணைப் பிடிக்க ஆள் இல்லை. மேய்ந்த இடம் நல்ல மழைக்காலத்தில் மூன்று நாலு வாரத்தில் தேறும், வறட்சியில் மாதக்கணக்கில் ஆகும், அதுவரை திரும்ப விடாதே. ஈரத்தில் மேயவிடவே விடாதே. மண் இறுகிவிட்டதா என்று பார்க்க, மழை விட்ட மறுநாள் குளம்புக் குழிகளைக் குனிந்து பார். இறுகியிருந்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி அப்படியே நிற்கும், உள்ளே இறங்காது. அடுத்த மழையில் அந்தத் தண்ணீரெல்லாம் மேலாகவே ஓடும், மண்ணையும் கூட்டிக்கொண்டு. தொட்டியை மறக்காதே.

நம் மேட்டுத் துண்டு நிலம் பாழாய்ப் போன அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். மழை இல்லை, புல் இல்லை, பத்து மாட்டையாவது விற்றுவிடு என்று பெரியப்பா இரண்டு தடவை வந்து சொன்னார். நான் கேட்கவில்லை. விற்றால் இவன் விழுந்துவிட்டான் என்று பேசுவார்களே என்று இருந்தேன். மாடுகள் வேர் வரைக்கும் கரண்டின. பிறகு வந்த முதல் மழையிலேயே மேல்மண் மொத்தமும் ஓடைக்குப் போய்விட்டது, தண்ணீர் செங்கல் நிறத்தில் ஓடியது. மழை கொண்டுபோயிற்று என்று இன்றுவரை எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். அப்போது உனக்கு ஒன்பது வயது. "புல் இருந்திருந்தா மண்ணு போயிருக்காதுல்ல, அப்பா?" என்று கேட்டாய். நான் கை ஓங்கினேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினேன். அதற்குப் பிறகு நிலத்தைப் பற்றி நீ என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நீ சொன்னதுதான் சரி. மழை எதுவும் செய்யவில்லை, நான்தான் செய்தேன். இத்தனை வருஷம் இதை உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

ஐந்தாறு உருப்படியை விற்க வேண்டியிருந்தால் தரை வெறுமையாவதற்கு முன்னால் விற்றுவிடு அம்மாடி. யார் என்ன பேசினாலும் பேசட்டும். சினையாக இருக்கிறவற்றை நான் ஓட்டி வந்து நம் பட்டியில் கட்டிக்கொள்கிறேன், இங்கே இப்போது இடம் இருக்கிறது. தொட்டிக்கு மிதவை வால்வு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். குழாய் எத்தனை அங்குலம் என்று மட்டும் போன் செய்து சொல்.

அப்பா