வலியோடு காத்திருக்க வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடும் வயிற்றுவலி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ‘என்ன நோய் என்று தெரியும்வரை வலிக்கு ஊசி போடக் கூடாது, போட்டால் நோயின் அறிகுறி மறைந்துவிடும்’ என்ற வரியை அப்படியே விட மனம் வரவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்தவள் நான். முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்து ‘ஏதாவது கொடுங்கம்மா’ என்று கேட்டவர்களிடம், ‘சர்ஜன் வந்து பார்க்கட்டும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

அந்த வழக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஸ்கேன் இல்லாத காலத்தில் டாக்டருக்குத் தன் கைதான் துணை. அழுத்தினால் நோயாளி எங்கே துடிக்கிறார், வயிறு எங்கே பலகை மாதிரி இறுகுகிறது என்று பார்த்தே அறுவை சிகிச்சையை முடிவு செய்தார்கள். பிரிட்டன் அறுவை மருத்துவர் சக்கரி கோப் 1921இல் எழுதிய பாடநூல், நோயை அறியும் முன் மார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. பல தலைமுறை டாக்டர்கள் அதைப் படித்து வந்தவர்கள். பிறகுதான் சோதித்துப் பார்த்தார்கள். 1992இல் பிரிட்டனில் 100 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு வலி ஊசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஊசி. வலி ஊசி போட்டவர்களுக்கு வலி குறைந்தது. நோயைக் கண்டுபிடிப்பதில் பிழை கூடவில்லை. அடுத்தடுத்த ஆய்வுகளும் இதையே சொல்லின. அந்தப் பாடநூலின் பிந்தைய பதிப்புகளே கருத்தை மாற்றிக்கொண்டன.

நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். வலி சற்றுத் தணிந்தவர் வயிற்றைத் தொட விடுவார், கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்வார். ‘முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது, அப்புறம் வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது’ என்று ஒருவர் சொன்னால், குடல்வால் அழற்சியாக (அப்பெண்டிசைட்டிஸ்) இருக்குமோ என்று உடனே பார்க்கத் தோன்றும். வலியில் புரளுகிறவரிடமிருந்து அந்த ஒரு வரியை வாங்குவதே பெரும்பாடு.

வீட்டிலேயே வலி மாத்திரை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வது வேறு. டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இரைப்பைப் புண்ணை மோசமாக்கும், நேரமும் வீணாகும். கட்டுரையாளர் அதைத்தான் மனதில் வைத்து எழுதியிருப்பார். அதில் எனக்கு மறுப்பே இல்லை. நான் சொல்வது கண்காணிப்பில், படுக்கையில் இருப்பவருக்கு அளவு பார்த்துப் போடும் ஊசியைப் பற்றி.

இன்னொன்றையும் எழுத வேண்டும்: வயதானவர்கள். ஒரு முதியவர் ‘லேசாக வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னார். காய்ச்சல் இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் பெரிதாக எதுவும் இல்லை. வாயுத் தொல்லை என்று நினைத்தோம். சில மணி நேரம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது குடலில் ஓட்டை. வயதானவர்கள் உடம்பு அப்படித்தான் ஏமாற்றும். உள்ளே பற்றி எரிந்தாலும் வெளியே புகை தெரியாது. குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் வயிறு தொடுவதற்கு மெத்தென்று இருக்கும், நோயாளியோ உயிர் போகிறது என்று கதறுவார். அந்தக் கதறலை நம்ப வேண்டும். மேல்வயிற்று வலி மாரடைப்பாக இருக்கலாம், ஈசிஜி எடுக்கத் தயங்கக் கூடாது. சிறுநீரகக் கல் போலத் தோன்றும் முதுகுவலி, வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து வயிற்றின் வழியே இறங்கும் பெரிய ரத்தக்குழாய்) வீங்கி வெடித்ததாலும் வரும். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு வயிறு வலித்தால், அவர் என்ன சொன்னாலும் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தால் நிறைய நேரம் கிடைக்காது.

எல்லாப் பரிசோதனையும் செய்தும் காரணம் தெரியாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களிடம் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லி அனுப்பக் கூடாது. ‘இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை. வலி கூடினால், காய்ச்சலோ தொடர் வாந்தியோ வந்தால் உடனே வாருங்கள். இல்லாவிட்டாலும் நாளை ஒரு முறை காட்டுங்கள்’ என்று சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பிடிபடாத குடல்வால் அழற்சி மறுநாள் தெளிவாகத் தெரிந்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

கட்டுரையின் அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வலியோடு வருகிறவர் ‘ஊசி போடுவீர்களா’ என்று கேட்கக்கூடத் தயங்கிவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்