முட்டத்துக்கு அப்பாலும் ஊர்கள் இருக்கின்றன

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த குமரிக் கடற்கரைப் பயணக் கட்டுரையில், "முட்டத்தில் பாறைமேல் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம், அதற்கு அப்பால் மீன் காயும் வாடையைத் தவிர எதுவும் இல்லை" என்று ஒரு வரி இருந்தது. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. முட்டத்தைத் தாண்டினால் வரும் கடியப்பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அந்த வாடையில் நெத்திலி காயப்போட்டு விற்றுத்தான் என் அம்மா என்னைப் படிக்க வைத்தார்.

முட்டம் கலங்கரை விளக்கத்திலிருந்து குளச்சல் வரை கரையோடு நடந்தால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். சின்ன வயதில் அப்பாவோடும், பிறகு என் மாணவர்களோடும் நடந்த வழி அது. மழை அறுத்த செம்மண் மேட்டிலிருந்து பாறைகளில் கால் பார்த்து வைத்து இறங்கினால், வள்ளியாறு கடலில் சேரும் பொழிமுகம் வரும். அங்கே நின்று வடக்கே பார்த்தால் வேளிமலை தெரியும். எங்கள் கோயில் கோபுரத்தையும் அந்த மலை முகட்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, கடலுக்கடியில் எந்தப் பார், அதாவது மீன் தங்கும் பாறைத்திட்டு, எங்கே கிடக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவார். கருவி எதுவும் அவரிடம் இருந்ததில்லை.

சின்னவிளை, பெரியவிளை தாண்டும்போது மணல் கறுத்துவிடும். ஈரக் காலில் ஒட்டினால் உதறினாலும் போகாது. உச்சி வெயிலில் மிதித்தால் பாதம் பொசுங்கும். குமரிப் பகவதியின் கல்யாணம் நின்றுபோனதும், சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது பெரியவர்கள் சொல்லும் கதை. நாரதர் சேவலாகக் கூவ, முகூர்த்தம் தப்பிவிட்டதென்று சுசீந்திரத்து ஈசன் பாதி வழியில் திரும்பிவிட்டாராம். மணலின் மற்றொரு கதை தாங்கள் அறியாததல்ல. 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். மணவாளக்குறிச்சிக்கு மணல் ஆலை வந்தது அப்படித்தான். கல்யாணக் கதையைக் கேட்டுவிட்டு இதையும் கேட்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும் ஐயா. ஒரு பிடி மணலைக் கைக்குட்டையில் முடிந்துகொள்ளாமல் ஒருவரும் வீடு திரும்ப மாட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் விளையாடிய மணல்மேடு இன்று கடலுக்குள் இருக்கிறது. கடலரிப்பைப் பற்றித் தங்களுக்கு முன்பே எழுதினேன், பிரசுரிக்கவில்லை. ஒக்கிப் புயலில் போனவர்கள் கரை திரும்பவில்லை என்று 2017-இல் எழுதியதும் வரவில்லை. இடமில்லாமல் இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது எங்கள் கரையில் எதுவுமே இல்லை என்று எழுத இடம் இருந்திருக்கிறதே என்பதுதான் வலிக்கிறது.

மண்டைக்காட்டில் அம்மனாக வணங்கப்படுவது ஒரு புற்று. மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்தும் பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். அடுத்து வரும் கொட்டில்பாட்டில் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டு நடப்பதில்லை. 2004 சுனாமியில் கடலுக்கும் ஏ.வி.எம். கால்வாய்க்கும் நடுவில் அகப்பட்டுப் போனவர்களின் ஊர் அது. அன்று எல்லாப் பத்திரிகைகளும் அந்த ஊருக்கு வந்தன.

குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறது. 1741-இல் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா முறியடித்த இடம். மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்துக் கரையில் வரிசையாக நிற்க, கப்பலில் இருந்தவர்கள் பெரும்படை என்று எண்ணிப் பயந்தார்களாம். இது எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு சொல்லும் கதை. என் பாட்டி சொல்லும்போது எழுந்து நின்று காட்டுவார். அன்று பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பழக்கினார். தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவரும் அவரே. அந்தப் பிள்ளைக்கு 2022-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். டிலனாய் 1777-இல் இறந்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை லத்தீனிலும் தமிழிலும் எழுதிக் கிடக்கிறது.

கண்ணாடிப் பாலத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய கட்டுரையில் இதில் ஒரு சொல்கூட இல்லை. அதோடு, முதல் பக்கத்துப் பெரிய படம் முட்டத்துப் பாறைகள். அதன் கீழே "கன்னியாகுமரி கடற்கரை" என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் பாறையில் கட்டுரையை அலங்கரித்துவிட்டு ஊர்ப் பெயரை விட்டுவிடுவது நியாயமா ஐயா?

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போட்டு, அந்தப் படம் முட்டம் என்று சொல்லுங்கள். இடம் இருந்தால், முட்டம்–குளச்சல் கரைவழி நடக்கத் தக்கது என்றும், ஆனி ஆடியில் அலை சுவர்வரை ஏறும், அந்த மாதங்களில் வர வேண்டாம் என்றும் இரண்டு வரி சேர்த்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கடியப்பட்டணம், கன்னியாகுமரி மாவட்டம்.