வசந்திக்கு, அந்தத் தோளைப் பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்தது. மருமகளுக்கு வேலை கிடைத்ததும் லாஸ்பேட்டை வீட்டில் மாடி எழும்புவதும் படிக்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, கரும்பலகையின் மேல்பாதிக்கு வலது கை எட்டவில்லை, ஜடை பின்ன முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போகிறது என்று. அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மற்ற பேச்செல்லாம் அப்புறம்.

டாக்டர் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றும் சொல்கிறார், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். இரண்டையுமே நம்பலாம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். உனக்குப் பிரச்சினை எலும்பில் இல்லை. தோளின் பந்துக்கிண்ண மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டுமானால் அது தளர்வாக இருக்க வேண்டும். அதில் அழற்சி வந்து, தடித்து, சுருங்கிப்போகிறது. துவைத்துச் சுருங்கிய ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் எப்படிப் பிடிக்கும், அப்படித்தான் உள்ளே பிடிக்கிறது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பு. இந்த நோயில் பெரும்பாலும் முதலில் குறைவது இந்த அசைவுதான். பிறகு அண்ணனை மெதுவாகத் திருப்பிவிடச் சொல். அவர் திருப்பியும் அதே இடத்தில் நின்றுவிட்டால் உறை இறுகியிருக்கிறது. தசைநார் கிழிந்திருந்தால் நம்மால் தூக்க முடியாதே தவிர, இன்னொருவர் தூக்கினால் பெரும்பாலும் கை மேலே போகும்.

உன் நாத்தனார் சொன்ன சுளுக்கு எடுப்பவரிடம் இப்போது போகாதே, வசந்தி. கெஞ்சிக் கேட்கிறேன். இந்த நோய்க்கு மூன்று கட்டம் உண்டு. முதல் சில மாதங்கள் வலிதான் பெரிது, கையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். அடுத்த கட்டத்தில் வலி தணியும், ஆனால் கை அசையாது. அப்புறம் மெல்ல மெல்ல இளகும். எல்லாம் முடிய ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். நீ இருப்பது முதல் கட்டத்தில். உள்ளே அழற்சி இருக்கும்போது இழுத்து முறுக்கினால் வலி ஏறுமே தவிர கை இறங்கிவராது. அதற்காகக் கையை மார்போடு கட்டிப்போட்டு வைப்பதும் கூடாது. இந்தக் கட்டத்தில் வலியைக் குறைப்பதுதான் வைத்தியம். வலி தாங்கும் அளவுக்கு மட்டும் அசைக்க வேண்டும். நன்றாக நீட்டி இழுக்கும் பயிற்சிக்கு நேரம் பின்னால் வரும். எனக்கு இடது தோளில் இதே நோய் வந்தபோது ஃபிசியோதெரபி பெண் முதல் நாளே இதைச் சொன்னது பெரிய உதவி. எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிட்டாலே பாதி பயம் போய்விடுகிறது.

தூக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். மல்லாந்து படுத்து, வலிக்கிற கையின் முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை வை. கை பின்பக்கம் சரியாமல் இருந்தால் வலி எவ்வளவோ தேவலை.

பகலில், முன்னால் குனிந்து நல்ல கையை மேசையில் ஊன்றி, மற்றக் கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்டு. இதைக் காட்மன் பயிற்சி என்பார்கள். 1934இல் இந்த நோய்க்கு ஃப்ரோசன் ஷோல்டர் என்று பெயர் வைத்த பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர்தான் இந்தக் காட்மன். வலி தணிந்த பிறகு சுவரில் விரல்களால் ஏறுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து நல்ல கையால் மேலே இழுப்பது எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செய்தால் கை இணங்கும்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிக்குப் பயப்படுகிறாய். முதல் கட்டத்தில் வலியைக் குறைப்பதில் அது நன்றாகவே உதவும். மயக்க மருந்து கொடுத்துக் கையை விடுவிப்பது, துளை போட்டு உறையை வெட்டிவிடுவது என்றெல்லாம் உண்டுதான். இங்கிலாந்தில் ஐந்நூறு பேருக்கு மேல் சேர்த்து இந்த இரண்டையும், ஊசியோடு சேர்ந்த ஃபிசியோதெரபியையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2020இல் லேன்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு வருட முடிவில், இதுதான் மேல் என்று சொல்லும்படி பெரிய வித்தியாசம் இல்லை. துளை அறுவையில் சிக்கல்கள் கூடுதல். ஆகவே ஊசியும் பயிற்சியும் முதலில், ஆபரேஷன் பேச்சு ரொம்பப் பின்னால் என்பதுதான் என் எண்ணம்.

ஊசிக்கு முன்னால் சர்க்கரை பார்த்துவிடு. இதை மட்டும் தள்ளிப்போடாதே. நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில், அதிலும் பெண்களுக்கு, இது அதிகம் வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு வருகிறது, தைராய்டு குறைவிலும் வரும். உன் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோள் வலி என்று போய்ச் சர்க்கரையைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வெறும் வயிற்றுச் சோதனையோடு மூன்று மாதச் சராசரியையும், தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல். சர்க்கரை இருந்தால், ஊசி போட்ட பின் சில நாள் எகிறும். டாக்டருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளி திறக்கும்போது வகுப்பில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுது, மேலே எழுதப் பிள்ளைகளைக் கூப்பிடு. இதற்கெல்லாம் வெட்கப்படாதே. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்காதே.

இங்கே எல்லோரும் சுகம். பண்ருட்டியிலிருந்து பெரியம்மா வீட்டுப் பலா வந்தது, சுளை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் தேர் வருகிறது, நீயும் அண்ணனும் முதல் நாள் ராத்திரியே வந்துவிடுங்கள். கூட்டத்தில் உன் வலது பக்கம் நான் நடந்து வருகிறேன், யாரும் இடிக்க மாட்டார்கள். அதற்குள் ரிப்போர்ட் வந்துவிட்டால் ஃபோனில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
கலா