களிமண் சதவீதத்தை அப்படியே நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எக்ஸ்ரே விளிம்பு விளைவுப் படம் (மாதிரியில் எக்ஸ்ரே பாய்ச்சி, அது எந்தக் கோணங்களில் எவ்வளவு வலுவாகத் திரும்புகிறது என்று வரைவது) ஒன்று எடுத்தாலே களிமண்ணில் எந்தக் கனிமம் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும் என உங்கள் கட்டுரை சொல்கிறது. அவ்வளவு சுலபம் இல்லைங்க. அந்த வரைபடத்தின் ஒவ்வொரு முகடும் கனிமத்தின் அடுக்குகளுக்கு இடையிலுள்ள தூரத்தை ஆங்ஸ்ட்ராம் என்ற மிகச் சிறிய நீள அலகில் காட்டும். 14 ஆங்ஸ்ட்ராம் பக்கம் ஒரு முகடு தெரிந்தால் அது ஸ்மெக்டைட் என்ற களிமண் கனிமமாகவும் இருக்கலாம், குளோரைட் என்ற இன்னொன்றாகவும் இருக்கலாம். மாதிரியை எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தின் ஆவியில் வைத்து மறுபடி எடுத்தால் ஸ்மெக்டைட்டின் அடுக்குகள் உப்பி முகடு 17-க்கு நகரும், குளோரைட் அசையாது. அப்புறம் 550 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் கயோலினைட் என்ற வேறொரு களிமண் கனிமத்தின் 7 ஆங்ஸ்ட்ராம் முகடு மறைந்துவிடும். இதெல்லாம் அடையாளம் காண மட்டும்தான்.

அளவு சொல்வது வேறு வேலை. களிமண் துகள்கள் தட்டையானவை, கண்ணாடித் தகட்டில் படியவிட்டால் எல்லாம் ஒரே வாட்டத்தில் படுத்துக்கொள்ளும், அதனால் சில முகடுகள் அளவுக்கு மீறி உயரும், அந்த உயரத்தை வைத்துச் சதவீதம் போடுவது தப்பு. துகள்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும்படி நிரப்பிய தூளில், எடை தெரிந்த கொரண்டம் என்ற கனிமத்தை அளவுகோலாகக் கலந்து ஒப்பிட்டால்தான் கணக்கு ஓரளவு நிற்கும். மாதிரியை எப்படித் தயாரித்தார்கள், பிழை வரம்பு எவ்வளவு என்பதையும் இனி சதவீதத்தோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்