குளிர்கால வறட்சிக்கு ஆலிவ் எண்ணெய் மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் வறளும் தோலுக்கு ஆலிவ் எண்ணெய் தேய்த்து, நல்ல வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளிக்குமாறு தங்கள் இதழில் ஒரு குறிப்பு வெளிவந்திருந்தது. ஜோகன்னஸ்பர்க் பகுதி முதியோருக்கு அது கெடுதலையே செய்யும் என்பதால், செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தோலின் மேலடுக்கிலுள்ள செல்களைச் செங்கற்கள் எனக் கொண்டால், அவற்றைப் பிணைக்கும் சாந்து கொழுப்புப் பொருள்களால் ஆனது. எடையில் அதில் ஏறத்தாழப் பாதி செராமைடு என்னும் கொழுப்பு வகை. எஞ்சியதில் பெரும்பகுதி கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். முதுமையிலும், தோல் சிவந்து அரிக்கும் எக்ஸிமா நோயிலும் செராமைடு குறைந்துவிடுவதால், உடலின் ஈரம் வெளியேறி, எரிச்சலூட்டும் பொருள்கள் எளிதில் உள்ளே புகுகின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில், மழையற்ற ஜூன், ஜூலை மாதங்களில் நிலைமை இன்னும் மோசமாகிறது. டர்பனின் ஈரக்காற்றில் வளர்ந்து இங்கே குடிவந்த பாட்டிமாரின் கணைக்கால்கள் சாம்பல் பூத்துச் செதில் செதிலாக உரிவதையும், இரவெல்லாம் சொறிந்த இடங்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம், அந்தக் கொழுப்பு அடுக்கின் ஒழுங்கைக் குலைக்கிறது. சோப்பும் அப்படித்தான். ஆரோக்கியமான தோலின் பிஎச் அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டியது. சோப்புக்கட்டியினுடையதோ 9 முதல் 10 வரை. செராமைடு உருவாக உதவும் நொதிகள் அமிலத்தன்மையில்தான் நன்கு இயங்கும் என்பதை அறிந்தால், துணி துவைக்கும் பச்சைச் சோப்பையே உடம்புக்கும் தேய்க்கும் பழைய வழக்கத்தை நம் பெரியவர்கள் கைவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, உடலில் சிறிது ஈரம் இருக்கும்போதே செராமைடும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த, வாசனையற்ற களிம்பைப் பூச வேண்டும். செராமைடு சிறிதளவே சேர்க்கப்படுவது வழக்கம் என்பதால், பொருள்பட்டியலின் கடைசிப் பகுதியில் அதன் பெயர் இருப்பதைக் கண்டு களிம்பை ஒதுக்க வேண்டியதில்லை. விலை கட்டுப்படியாகாவிட்டால் சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லியும் ஈரத்தை நன்றாகவே காக்கும். ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள் கடன்பட்டு விலையுயர்ந்த களிம்பு வாங்க அவசியமே இல்லை. எக்ஸிமா உள்ளவர்கள் மட்டும், செராமைடை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

இவ்விவரங்களை அடுத்த இதழில் அக்குறிப்பின் திருத்தமாக, முதியோர் படிக்கத்தக்க பெரிய எழுத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
லெனேசியா, தென்னாப்பிரிக்கா